சங்கிலி ஐயா வாசித்த புத்தகம்

கணினி: ஆர். எல். செமிகோலன். எல். கே. செமிகோலன்.

புஷ்பராஜ்: என்னங்க மிஸ் இது... இந்தம்மாவுக்குக் காய்ச்சலா?

யோகேஸ்வரி: ஒண்டுமில்லைத் தம்பி. உம்மட விரிவுரையாளர் பழைய ஃபொண்டில அடிச்ச நோட்ஸ். கண் தெரியிறவை பாத்தா அதில 'சட்டம்' எண்டு இருக்கும். கொம்பியூட்டர் வாசிச்சா ஆர், எல், செமிகோலன்.

புஷ்பராஜ்: சரியாத்தான் வாசிக்குது. எங்க ஜிந்துப்பிட்டியில சட்டம் எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்.

யோகேஸ்வரி: பகிடி விடாதையும். இரும்... க்ஹும்... நான் திருப்பி அடிச்ச பக்கம் ஒண்டு இருக்கு... க்ஹும்... எங்க போட்டன்...

புஷ்பராஜ்: அந்த இருமல் இன்னும் நிக்கலையா மிஸ்?

யோகேஸ்வரி: சளி. வெள்ளவத்தையில கடற்காத்தும் சும்மா வருது, சளியும் சும்மா வருது. இந்தா, கேளும்.

கணினி: கேள்விச் சாட்சியம் என்பது, ஒருவர் தாம் நேரில் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு, அதை நீதிமன்றத்தில் உரைப்பதாகும்.

புஷ்பராஜ்: அப்ப என் கதை முடிஞ்சிச்சு. பொறந்ததுல இருந்து நான் எதைத்தான் நேர்ல கண்டேன்? நான் சொல்லுறது எல்லாமே கேள்விச் சாட்சியம்தான்.

யோகேஸ்வரி: நாளைக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில கறுப்புக் கோட்டோட நிண்டு இதைச் சொல்லிப்போடாதையும். கட்சிக்காரன் எழும்பி ஓடியிடுவான்.

புஷ்பராஜ்: ஓடுனாலும் எனக்குத் தெரியவா போவுது? நான் பாட்டுக்கு வாதாடிக்கிட்டு இருப்பேன்.

யோகேஸ்வரி: சரி, விசயத்துக்கு வாரும். இந்த மெஷினில மூண்டு தமிழ்க் குரல் இருக்கு. எது நல்லம் எண்டு நீர்தான் சொல்ல வேணும்.

புஷ்பராஜ்: நானா? இந்த உதவிப் பிரிவுக்கு இணைப்பாளர் நீங்கதானே மிஸ்.

யோகேஸ்வரி: பேருக்கு இணைப்பாளர். கண் தெரியாத பிள்ளையள், காது கேளாத பிள்ளையள், சக்கர நாற்காலியில வாற பிள்ளையள் எல்லாருக்கும் எண்டு வாசல்ல பெரிய பலகை. உள்ள வந்து பாத்தா நானும் ஒரு ஃபானும். அதிலயும் ஒண்டுதான் ஒழுங்கா வேலை செய்யுது.

புஷ்பராஜ்: எதுங்க மிஸ்?

யோகேஸ்வரி: ஃபான். போன வருசம் சக்கர நாற்காலிக்குச் சறுக்குப் பாதை கேட்டு எழுதினன். மறுக்காமல் கட்டித் தந்தவை. அதில ஏறுறதுக்கு முன்னால ரெண்டு படியும் சேத்துக் கட்டித் தந்தவை.

புஷ்பராஜ்: அந்தப் படி எனக்குத் தெரியும். ரெண்டு தடவை முழங்கால்ல அடிபட்டு அறிமுகம் ஆயிருக்கோம்.

யோகேஸ்வரி: கேளும். காதைத் தீட்டி வையும்.

கணினி: வணக்கம். நான் முதலாம் குரல்.

புஷ்பராஜ்: பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடுற அம்மா. வேணாம்.

கணினி: வணக்கம். நான் இரண்டாம் குரல்.

புஷ்பராஜ்: ரேடியோவுல மரண அறிவித்தல் வாசிக்கிறவரு. பரீட்சைக்கு முன்னாடியே என்னைப் பொதைச்சிருவாரு.

கணினி: வணக்கம். நான் மூன்றாம் குரல்.

புஷ்பராஜ்: ம்... இவங்க பரவாயில்ல. நிதானமா இருக்காங்க. ஆனா கோவமே வராது போல.

யோகேஸ்வரி: கோவம் வராதோ? அது பெரிய குறைதான்... பொறும், ஒரு பரிசோதனை செய்வம்.

கணினி: அண்ணே, அறக்குளா ஒரு கிலோ என்ன விலை?

புஷ்பராஜ்: மிஸ்?

கணினி: அநியாய விலை. போன கிழமை தந்ததும் பழுதான மீன்.

புஷ்பராஜ்: சான்றுச் சட்டத்துல மீன் எங்க மிஸ் வருது?

யோகேஸ்வரி: சும்மாதான். எல்லா விதமான வசனமும் போட்டுப் பாக்க வேணுமெல்லே. இந்தக் குரலில கேட்டா வெள்ளவத்தைச் சந்தையில விலை குறைப்பினமோ?

புஷ்பராஜ்: இவ்வளவு மரியாதையா கேட்டா கூட்டித்தான் சொல்லுவாங்க.

கணினி: மல்லி, பாண் தியெனவாத?

புஷ்பராஜ்: ஐயோ, சிங்களத்துல கேட்டாலும் பாண் ரொட்டி விக்கிற ஓட்டோக்காரனுக்கு இது கேக்கவே கேக்காது. அவன் பாட்டைப் போட்டுக்கிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போயிருவான். ஆமா... யாரு பாண் வாங்கப் போறது?

யோகேஸ்வரி: ஒருத்தரும் இல்லை. நீர் சொன்னபடி மூண்டாவது. முடிவு. நோட்ஸ், புத்தகம் எல்லாம் உம்மட பென் டிரைவில போட்டிட்டன். திங்கக்கிழமையில இருந்து உமக்கு இவதான் வாசிப்பா. புத்தகம் வாசிச்சு ரெக்கோட் பண்ணித் தாற வாசிப்புக் குழுவை நிப்பாட்டச் சொல்லிப்போட்டார் பீடாதிபதி.

புஷ்பராஜ்: ...ஓ.

யோகேஸ்வரி: ஆரோ ஒரு மாணவன் போய் முறைப்பாடு குடுத்தவனாம். பேர் சொல்ல மாட்டாராம். குழுவின்ர வாசிப்பு சகிக்கேல்லையாம். கரகரக்குதாம். மெஷின் கேட்டு வருசக் கணக்கா எழுதினன், ஒரு பதில் இல்லை. அவன் ஒருக்காப் போய்க் கத்தினான், வந்திட்டுது.

புஷ்பராஜ்: நல்லதுதானே மிஸ்...

யோகேஸ்வரி: நல்லதுதான். ஆனா மனசு நொந்து போச்சு. என்னைச் சொன்னாப் பரவாயில்லை, நான் பேச்சு வாங்கப் பிறந்தனான். அந்த அஞ்சு பேரும் பாவங்கள்.

புஷ்பராஜ்: ...மிஸ், மறந்தே போனேன். இந்தாங்க, எங்கம்மா குடுத்துவிட்டாங்க. கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு எல்லாம் வறுத்து இடிச்சது.

யோகேஸ்வரி: எனக்கோ?

புஷ்பராஜ்: இல்ல. சங்கிலி ஐயாவுக்கு.

யோகேஸ்வரி: ...ஆருக்கு?

புஷ்பராஜ்: வாசிப்புக் குழு சங்கிலி ஐயாவுக்கு. ரிட்டயர் ஆன கிளாக், மட்டக்குளியில இருக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க. வீட்டுல நான் ஃபோன்ல போட்டுக் கேக்குறப்ப அம்மாவும் கேப்பாங்க. "இந்த மனுசனுக்கு ஒரு கசாயம் வச்சுக் குடுக்க ஆளில்லையா"ன்னு ஒரே கவலை.

யோகேஸ்வரி: க்ஹும்... குடுத்திடுறன். சந்தோசப்படுவார். அதோட, கடைசி அத்தியாயத்தைப் பற்றி யோசிக்காதையும். பீடாதிபதி என்ன சொன்னாலும் அதை மட்டும் சங்கிலி ஐயா வாசிச்சுத் தருவார். பரீட்சை நேரத்தில குரல் மாறினா உமக்குக் குழம்பும். வியாழக்கிழமைக்கு முதல் அது உம்மட கையில.

புஷ்பராஜ்: வியாழக்கிழமைக்கு என்னா?

யோகேஸ்வரி: அவருக்கு ஒரு அலுவல் இருக்கு.

புஷ்பராஜ்: எனக்கு அந்த அத்தியாயம் வேணாம்.

யோகேஸ்வரி: விசரே உமக்கு? முக்கியமான கேள்வி முழுக்க அதிலதான் வரும்.

புஷ்பராஜ்: மிஸ், உங்களைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை பண்ணவா? எனக்கும் பழகின மாதிரி இருக்கும்.

யோகேஸ்வரி: என்னையோ? சரி, கேளும். எனக்கும் பொழுது போக வேணும்.

புஷ்பராஜ்: வாசிப்புக் குழுவுல யார் யாரு?

யோகேஸ்வரி: ரஜனி, தனுஷியா, தர்ஷன், அபிஷன், சங்கிலி ஐயா.

புஷ்பராஜ்: தர்ஷன் அண்ணன் எங்க இருக்காரு?

யோகேஸ்வரி: கொட்டாஞ்சேனை.

புஷ்பராஜ்: கொட்டாஞ்சேனையில அவரு ஜன்னலுக்குக் கிட்ட எப்படி மிஸ் தண்டவாளத்துல தடதடன்னு கோச்சி போவுது?

யோகேஸ்வரி: அது... துறைமுகத்துக் கோச்சியாக்கும்.

புஷ்பராஜ்: கோச்சிக்குப் பின்னாலயே, உங்க வெள்ளவத்தையில மாதிரி, கடல் சத்தமும் வருதே. சரி, விடுங்க. கிருலப்பனை ரஜனி அக்கா வீட்டுக் குக்கரும் மட்டக்குளி சங்கிலி ஐயா வீட்டுக் குக்கரும் ஒரே மாதிரி இழுத்து இழுத்து விசிலடிக்குதே, அது?

யோகேஸ்வரி: ஒரே கடையில வாங்கியிருப்பினம்.

புஷ்பராஜ்: சரி. தர்ஷன் அண்ணன் வாசிச்சுக்கிட்டு இருக்காரு. நடுவுல ஒருத்தர் வந்து, "யோகம், என்ர மூக்குக் கண்ணாடியைக் கண்டனீரே"ன்னு கேக்குறாரு. தர்ஷன் அண்ணன் அதே ஆம்பளைக் குரல்ல, "உங்கட தலைக்கு மேலதான் இருக்கு"ன்னு பதில் சொல்லுறாரு.

யோகேஸ்வரி: ஐயையோ! அதை நான் வெட்டினனான் எண்டெல்லோ நினைச்சன்!

புஷ்பராஜ்: வெட்டல மிஸ். அந்த ஒண்ணை மட்டும் எங்கம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவாங்க.

யோகேஸ்வரி: அப்ப... அந்தக் கசாயத்தூள்...

புஷ்பராஜ்: உங்களுக்குத்தான்.

யோகேஸ்வரி: கடவுளே. நான் என்ன பாடுபட்டு ஆம்பிளைக் குரல் எடுத்தனான் தெரியுமே? தலகணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு! இவர் வேற அறை வாசல்ல நிண்டு, டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறதோ, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பார். எப்ப கண்டுபிடிச்சனீர்?

புஷ்பராஜ்: முதல் கிழமையே.

யோகேஸ்வரி: மூண்டு வருசமா வாயைத் திறக்கேல்லையே நீர்!

புஷ்பராஜ்: நீங்க எதுக்கு மிஸ் அஞ்சு பேரைப் பெத்தீங்க?

யோகேஸ்வரி: என்ன செய்யிறது. வந்த புதுசில ஒரு புத்தகம் கேட்டுப்போட்டு நாலுதரம் மன்னிப்புக் கேட்டனீர். அடுத்த புத்தகம் கேக்கவே இல்லை. ஒராளிட்டத் திரும்பத் திரும்பக் கேக்க உங்களுக்குக் கூச்சம். குழு எண்டால் முகம் தெரியாத ஆக்கள், உரிமையாக் கேப்பீங்கள் எண்டு நினைச்சன்.

புஷ்பராஜ்: அதான் நானும் தெரியாத மாதிரி இருந்தேன். தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சியோட கேக்குறது?

யோகேஸ்வரி: நல்ல சோடிதான். நான் நாடகம் போட்டனான், நீர் டிக்கெட் இல்லாமல் முன் வரிசையில இருந்து பாத்தனீர்.

புஷ்பராஜ்: சிரிக்காதீங்க மிஸ். இன்னும் ஒரு கேள்வி இருக்கு. மத்த நாலு பேரும் எங்க?

யோகேஸ்வரி: என்ன கேள்வி இது? இப்பதானே ஒருத்தரும் இல்லை எண்டு...

புஷ்பராஜ்: முதல் வருசம் அஞ்சு பேரும் வாசிச்சாங்க. அப்புறம் தனுஷியா காணாமப் போனாங்க. அவங்களுக்குத்தான் மெல்லிசான குரல். பொறகு ரஜனி அக்கா. பொறகு அபிஷன். இந்த வருசம் தர்ஷன் அண்ணனும் வரல. இப்ப எல்லாத்தையும் சங்கிலி ஐயாவே வாசிக்கிறாரு. அவருக்குத்தான் தொண்டை கட்டின குரல்.

யோகேஸ்வரி: அது... க்ஹும்... அவருக்கு வயசு போச்சு.

புஷ்பராஜ்: அவரும் இப்ப பக்கத்துக்கு நாலு இடத்துல நிக்கிறாரு. தண்ணி குடிக்கிறாரு. திரும்பத் தொடங்குறாரு. நான் புத்தகத்தைக் கேக்கல மிஸ். அடுத்து எந்த இடத்துல நிப்பாருன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். பயமா இருக்கு.

யோகேஸ்வரி: சளி எண்டு சொன்னன்தானே... க்ஹும்... ஒரு அத்தியாயம், இருபது பக்கம் கூட இல்லை...

புஷ்பராஜ்: வேணாம்னு சொல்லுறேன்ல!

யோகேஸ்வரி: கத்தாதையும். இந்த அறையில கத்துறது என்ர வேலை.

புஷ்பராஜ்: முறைப்பாடு குடுத்தது நான்தான் மிஸ்.

யோகேஸ்வரி: ...என்ன?

புஷ்பராஜ்: உங்ககிட்டச் சொன்னா நீங்க நிப்பாட்ட மாட்டீங்க. சளின்னுவீங்க, கடற்காத்துன்னுவீங்க. அதான் பீடாதிபதிகிட்டப் போய், வாசிப்பு சகிக்கல, மெஷின் குடுங்கன்னு சண்டை போட்டேன். சொல்லிட்டு வெளிய வந்து அந்த ரெண்டு படியில உக்காந்து அழுதேன். கட்டினதுக்கு அதுவாவது பிரயோசனப்படட்டும்.

யோகேஸ்வரி: எட... நீயோ! அந்த முறைப்பாட்டுக்காரனை நான் மனசுக்குள்ள என்னென்ன... க்ஹும்... சாபமெல்லாம்... க்ஹும்... க்ஹும்...

புஷ்பராஜ்: கதைக்காதீங்க. தயவுசெஞ்சு ஒரு சொல்லுக்கூட வேணாம். ஏசணும்னா டைப் பண்ணி ஏசுங்க, அந்த மூணாவது அம்மா வாசிக்கட்டும்.

யோகேஸ்வரி: ...

புஷ்பராஜ்: மிஸ்?... ஆ, கீபோர்டு சத்தம் கேக்குது. ஏசுங்க, ஏசுங்க... இன்னுமா முடியல? அவ்வளவு நீளமாவா ஏசுறீங்க?

கணினி: புஷ்பராஜ், நான் யோகேஸ்வரி. இது சளி இல்லை. வியாழக்கிழமை எனக்குத் தொண்டையில் ஒப்பரேசன். குரல் திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்கிறார் டொக்டர். அவரும் உன்னோடு சட்டம் படித்திருக்க வேண்டிய ஆள். நீ தெரிந்தெடுத்த இந்தக் குரல் உன் புத்தகத்துக்கு இல்லை, எனக்கு. இனி மீன்காரனிடம் விலை பேசுவதும் உன்னை ஏசுவதும் இந்த அம்மாதான். சங்கிலி ஐயா இனித்தான் வாசிப்பார் என்றது பொய். கடைசி அத்தியாயத்தை நேற்றே வாசித்து முடித்து உன் பென் டிரைவில் போட்டுவிட்டேன். அதைச் சங்கிலி ஐயா வாசிக்கவில்லை, நான் என் சொந்தக் குரலில் வாசித்தேன். கரகரக்கும். முறைப்பாடு இருந்தால் எங்கே போவதென்று உனக்குத் தெரியும்தானே.