மாமனார் அறைப் புறாக்கள்

நைலான் வலையை அறுப்பதற்குச் சமையலறைக் கத்தரிக்கோல் லாயக்கில்லை, சார். பாதிதான் அறுத்திருந்தேன், கீழே ஆட்டோ வந்து நின்றுவிட்டது. மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். போகும்போது நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன மனிதர். பத்து நாள் வெளியே இருந்துவிட்டு வந்ததில் தானே படியேறினார். அதனால் எனக்கு அவகாசம் குறைந்துபோயிற்று.

புறா தயாராக இருந்தது. அரை மணி முன்பே ஒன்றைப் பிடித்து, வலையின் ஓரத்தில் காலையும் இறக்கையையும் சுற்றி இறுக்கியிருந்தேன். பிடிப்பது பெரிய வித்தை இல்லை. கை நீட்டினால் பறக்காது, தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்கும். எங்கள் வீட்டு ஆட்களும் அப்படித்தான்.

வலை கட்டியது என் சகலை. மனைவியின் அக்கா கணவர், குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் மாமனார் வீட்டில்தான் ஒன்றாக இருக்கிறோம். மாமனார் அறைச் சன்னலுக்கு வெளியே, ஏசி பெட்டிக்குப் பின்னால் மூன்று ஜோடிப் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. கூடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு குச்சி, ஒரு துண்டு ஒயர், மீதி எல்லாம் எச்சம். நாற்றம் தாங்கவில்லை என்று, மாமனார் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் சகலை சன்னலை மறைத்து வலை கட்டினார். நாற்றத்தைத் தாண்டி யோசிக்கிற மூளை அவருக்குக் கிடையாது.

"என்ன சகல, ரெண்டு நாள் தொங்கிக்கிட்டுக் கட்டின வலை. இப்படிக் குதறி வச்சிருக்கீங்க?"

"வந்து பாருங்க. கால் அறுந்து தொங்குது. அதுவும் ஒரு உசிருதானே?"

என் மனைவி புறாவைக் கையில் வாங்கிக்கொண்டு கண் கலங்கினாள். "அக்கா, இங்க வாயேன். பாவம், எப்படி நடுங்குது பாரு."

"ஆமா, உங்க வீட்டுக்காரர் புறா டாக்டர்" என்றார் சகலை. யாரும் சிரிக்கவில்லை.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "வலையக் கழட்டிடுங்க. வாயில்லாப் பிராணி பாவம் நமக்கெதுக்கு? மாப்பிள்ளை சொல்றதுதான் சரி."

மாப்பிள்ளை என்றது என்னை. ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சகலைக்குத்தான் எப்போதும் அந்தப் பட்டம். என்னை "ஏம்பா" என்பார். வந்தவர் போனவரிடம், "பெரியவருக்குக் கடை இருக்கு. இவருக்குப் பத்து விரல்தான் சொத்து" என்று சொல்லிச் சிரிப்பார். நான் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவன். அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபப்படுகிற அளவுக்கு அவரை நான் பெரிய ஆளாக மதித்ததில்லை.

புறாக்கள் அன்று மாலையே திரும்பின. எச்சம் வெயிலில் காய்ந்து பொடியாகும். மின்விசிறி சுழன்றால் அந்தப் பொடி உள்ளே வரும், தலையணையில் சாம்பல் நிறத் தூவி ஒட்டியிருக்கும். "மூச்சுக்குக் காத்தோட்டம் வேணும்" என்று அவர் கட்டிலைச் சன்னலோரம் போட வைத்தவன் நான்தான். ரிப்போர்ட் படித்துச் சொல்கிறவன் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நாற்பது நாளில் அவர் போய்விட்டார்.

கடைசி நாளில் ஒரு புது டாக்டர் சகலையிடம், "வீட்ல புறா இருக்கா?" என்று கேட்டாராம். அப்போதுதான் அந்த மனிதருக்கு வலை ஞாபகம் வந்திருக்கிறது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நீங்களும் இரண்டு மணி நேரமாக வலை, வலை என்கிறீர்கள். எந்தக் கத்தரிக்கோல், எத்தனை அடி, யார் பார்த்தது. உங்களிடம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்த்தேன், சார். நீங்கள் கேட்கவே போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

மாமனாருக்கு முதன்முதலில் ஸ்கேன் எடுத்தது எங்கள் சென்டரில். பதினான்கு மாதம் ஆகிறது. எங்கள் டாக்டர் படத்தைப் பார்த்தபடியே மைக்கில் பேசிவிட்டுப் போவார். நான் ஹெட்போனில் கேட்டு டைப் செய்வேன். சாயங்காலம் முப்பது நாற்பது ரிப்போர்ட்டைக் கட்டாக நீட்டினால், செல்போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஒன்றையும் படிக்க மாட்டார். அன்று ஹெட்போனில் மாமனார் பெயர் வந்தது. முடிவாக டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: பறவை எச்சத்தால் வருகிற நுரையீரல் அழற்சி போலத் தெரிகிறது. வீட்டில் புறா இருந்தால் உடனே அப்புறப்படுத்த வேண்டும். இப்போதே செய்தால் முழுவதும் குணமாகிவிடும்.

அந்த மூன்று வாக்கியங்களை நான் டைப் செய்யவில்லை.

பொய்யாக எதையும் சேர்க்கவும் இல்லை. வேண்டுமானால் அந்த ரிப்போர்ட்டை வரவழைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை இருக்காது.