கோடரி விழுந்த இடம்

இரவு பதினொன்றே முக்கால். கார்டிகன் மலைப்பாதை... ஆடுகள்கூட அடங்கிவிட்டன. தனியாக நடந்து வந்தாள் தெக்வென். நம் எம்ரிஸ் இருக்கிறானே, அவனுடைய அத்தை. பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பேய்க்கும் பயப்பட மாட்டாள், எஸ்டேட் துரைக்கும் பயப்பட மாட்டாள்.

"உன்னை மாதிரி இல்லன்னு சொல்லு," என்று கதை சொல்லும் என்னையே சீண்டினான் எம்ரிஸ். மதுக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். மின்சாரம் போய் ஒரு மணி நேரம். கணப்பு வெளிச்சம் மட்டும்தான்.

கேளுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் வீட்டுக்கு எஸ்டேட்காரர்கள் பூட்டுப் போடப் போகிறார்கள். அந்த வீடு அவளுடைய எள்ளுத்தாத்தா தாவித் கட்டியது, ஒரே ராத்திரியில். பழைய வழக்கம்தானே? பொது மேய்ச்சல் நிலம். அந்தியில் புல்லோடு மண்கட்டி வெட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்து, விடியுமுன் புகைபோக்கியில் புகை எழுப்பிவிட்டால் வீடு உனக்கு. வாசலில் நின்று கோடரியை எறி... விழுகிற இடம்வரை நிலமும் உனக்கு.

ஆனால் எஸ்டேட் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. 'விடிந்தபோது புகை இல்லை. வீடு செல்லாது.'

"பொய்," என்றாள் தெக்வென்.

"சாட்சி இருக்காம்மா?" என்று சிரித்தான் ஏஜென்ட் ஹார்கிரீவ். "கட்டினவங்களையே கூட்டிட்டு வாங்களேன்."

"கூட்டிட்டு வரேன்."

அன்று முழுக்க முன்னோர் பெயர்களைத் தேடிச் சர்ச் பதிவேடுகளைப் புரட்டினாள். துரை வம்சத்துக்கு மாளிகைச் சுவர் நிறையப் படங்கள். நம் ஆட்களுக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரி, அதிலும் பாதி எலி தின்றது. கடைசி பஸ்ஸில் இறங்கி வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. விளக்கேற்றவில்லை. வாசலில் நின்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"தெக்வென், ஈலிர் மகள். ஈலிர், கினன் மகன்."

சதக்... ஈரப் புல்கட்டியில் மண்வெட்டி இறங்கும் சத்தம்.

"கினன், மெரடித் மகன்."

சதக். சதக். கரிமண் வாடை.

"மெரடித், தாவித் மகன்."

எல்லாம் நின்றது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். வியர்வை நாற்றம்... அவள் திரும்பவில்லை.

"எறிங்க தாத்தா," என்றாள். "இந்தத் தடவை கொஞ்சம் தள்ளியே எறிங்க."

தலைக்கு மேல் உஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

ராத்திரி முழுக்க வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பை யாரும் தொடவில்லை. சூரியன் வருமுன் புகைபோக்கியிலிருந்து புகை நேராக எழும்பியது. ஊரே பார்த்தது.

எட்டு மணி. யாரும் வரவில்லை. தெக்வெனே எம்ரிஸைக் கூட்டிக்கொண்டு துரை மாளிகைக்குப் போனாள். ஒன்றரை மைல். முன்வாசலில் ஹார்கிரீவ், கையில் பூட்டோடு, வெளுத்துப்போய் நின்றான். ஓக் மரக் கதவில் துருப்பிடித்த பழைய கோடரி ஒன்று பாதி வரை இறங்கியிருந்தது. நாலு பேர் இழுத்தார்கள். அசையவில்லை.

"அளந்துக்குங்க," என்றாள் தெக்வென். "எங்க வாசல்லேருந்து இதுவரைக்கும்."

அதன்பிறகு பூட்டுப் பேச்சே இல்லை. கதை அவ்வளவுதான்.

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. எம்ரிஸ் இப்போது சிரிக்கவில்லை.

"இழுத்த நாலு பேர்ல நானும் ஒருத்தன்," என்றான். "பிடி சூடா இருந்துச்சு. அது கூடப் பரவால்ல..."

தன் வலது கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"என் கைக்கு மேல இன்னொரு கை இருந்துச்சு."