இரண்டு தட்டு, பிறகு ஒன்று

சுகிர்தபாய்: ...சுவரிலே முதுகைச் சாய்ச்சு, வாசலைப் பாத்துத்தான் இருப்பியோ? இது ராணி ஆளுத நாடாக்கும், எலே நேசையா. பட்டப்பகலிலே, பாறசாலையிலே, உன்னை யாரு வெட்ட வாறது?

நேசையன்: பழக்கமாயிப் போச்சுக்கா. ரங்கோனிலேருந்து வந்த நாள் முதல், வாசலுக்கு முதுகைக் காட்டி இருந்தா சோறு எறங்க மாட்டேங்குது.

சுகிர்தபாய்: புதுசாக் கெட்டினவ சிரிக்க மாட்டாளா?

நேசையன்: அவ காஞ்சிரங்குளத்துக்காரியாக்கும். சிரிக்காம இருப்பாளா? 'போற இடத்துக்கெல்லாம் ஒரு சுவரையும் சுமந்துட்டுப் போங்க'ண்ணு சொல்லுதா.

சுகிர்தபாய்: நல்லாச் சொன்னா. காப்பி குடி, ஆறிப் போவும்.

நேசையன்: ...அக்கா, அது என்ன சத்தம்?

சுகிர்தபாய்: எது?

நேசையன்: உள்ள... நெல்லு அறையிலே. கதவுப் பலகையிலே என்னமோ முட்டினது மாதிரி.

சுகிர்தபாய்: ஆடு. வெளிய நாய்த் தொல்லை. பிடிச்சு உள்ள அடச்சேன்.

நேசையன்: நெல்லு அறையிலேயா ஆட்டை அடைக்கியது?

சுகிர்தபாய்: நெல்லு எங்க இருக்கு? வீட்டுக்காரன் ரங்கோனிலே செத்துட்டாண்ணு ஊரு சொல்லுது. வயலை யாரு பாக்க? அதை விடு. உன்னை எதுக்கு வரச் சொன்னேண்ணு தெரியுமில்லியா?

நேசையன்: உபதேசியாரு சொன்னாரு. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேரை...

சுகிர்தபாய்: சபைப் புத்தகத்திலே மரிச்சவங்க பக்கத்திலே எழுதப் போறாரு. கூட இருந்தவன் நீ ஒருத்தன். நீ ஒரு சொல்லு சொன்னா நான் விதவை. இல்லேண்ணா இன்னும் சத்தியதாஸ் பெஞ்சாதி. அதனால, சபையிலே சொல்லுததுக்கு முன்ன என் முகத்தைப் பாத்து ஒருக்க சொல்லணும்.

நேசையன்: கடுதாசியிலே எல்லாம் எழுதினேனே.

சுகிர்தபாய்: படிச்சேன். உன் வாயால கேக்கணும்.

நேசையன்: ...எங்கேருந்து தொடங்க?

சுகிர்தபாய்: கதவிலே என்னமோ எழுதி ஒட்டினாராமே. அதிலேருந்து தொடங்கு.

நேசையன்: அது எனக்கு மனப்பாடம். போன இடவ மாசம், கலகம் தொடங்கின அண்ணைக்கே எழுதி ஒட்டினாரு. அரிசி மில்லிலே கிளார்க்கா இருந்தாலும் பழைய வாத்தியாரில்லியா... தெருவிலே பர்மாக்காரன் நம்ம ஆளுகளை வெட்டுதான், இவரு கமாவுக்கு இடம் பாத்துட்டு இருக்காரு.

சுகிர்தபாய்: அவரு அப்படித்தான். சொல்லு.

நேசையன்: 'ஒன்று: வெள்ளை வேட்டியுடன் தெருவில் இறங்காதே. இரண்டு: சன்னலில் முகம் காட்டாதே. மூன்று: கூட்டம் எத்திசையில் ஓடினும் அதன்பின் ஓடாதே. நான்கு: அரிசிக்கு முன்பே குடிநீரைச் சேர்த்துவை. ஐந்து...'

சுகிர்தபாய்: ஏன் நிறுத்தினே?

நேசையன்: 'ஐந்து: எவர் குரல் கேட்பினும் கதவைத் திறவாதே. என் குரலே ஆயினும் திறவாதே.'

சுகிர்தபாய்: சொந்தக் குரலுக்குமா?

நேசையன்: அங்க அப்படித்தான் நடந்துதுக்கா. ஒருத்தனைப் பிடிச்சு, கழுத்திலே கத்தியை வச்சு, 'உன் ஆளுகளைக் கூப்பிடு'ண்ணு வீடு வீடாக் கொண்டு போவானுவ. கூப்பிடுதது நம்ம ஆளு. கதவைத் தொறந்தா உள்ள வாறது அவனுவ.

சுகிர்தபாய்: அப்போ வெளிய போனவன் எங்கன திரும்பி வர?

நேசையன்: தட்டணும். நம்ம சபை மணி அடிக்குமில்லியா... ரண்டு, ஒரு மூச்சு விட்டு, ஒண்ணு. அது மாதிரி தட்டினா பயமில்லை, தொறக்கலாம். கத்தி கழுத்திலே இருந்தா, ஒத்தைத் தட்டு. 'ஒத்தைத் தட்டு கேட்டா நீ தொறக்காதே, நான் செத்தாலும் போவட்டு'ண்ணாரு.

சுகிர்தபாய்: எங்க, அந்த பெஞ்சிலே தட்டிக் காட்டு.

நேசையன்: வேண்டாம்க்கா.

சுகிர்தபாய்: தட்டுலே. கையிலே என்ன தளர்வாதமா?

நேசையன்: ...இந்தா. இப்படி... இப்படி... பிறகு, இப்படி.

சுகிர்தபாய்: ம்.

நேசையன்: அக்கா.

சுகிர்தபாய்: என்ன?

நேசையன்: ஆடு... திருப்பித் தட்டிச்சு.

சுகிர்தபாய்: முட்டியிருக்கும். சும்மா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்காதே, இரி. குடிக்க வெள்ளம் தீந்துதுண்ணு எழுதியிருந்தியே.

நேசையன்: ரண்டு நாளா ஒரு சொட்டு இல்லை. எனக்கு நாக்கு தடிச்சு, வாய் மூட முடியல்லே. மூணாம் நாளு சாயந்திரம் மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துட்டு எறங்கினாரு. தெரு முனையிலே குழாய் உண்டு. நான் போறேண்ணேன். 'நீ கலியாணம் ஆகாத பய, உள்ள இரு'ண்ணாரு.

சுகிர்தபாய்: பிறகு?

நேசையன்: பிறகு... வரல்லே.

சுகிர்தபாய்: வரவே இல்லியா?

நேசையன்: இல்லேக்கா. மறுநாளு விடிஞ்சதும் பட்டாளம் வந்துது. லாரியிலே ஏத்தி, கப்பல் துறையிலே கொண்டு விட்டானுவ. அவ்வளவுதான்.

சுகிர்தபாய்: வாய் மூட முடியாதவன் லாரியிலே எங்கன ஏறினே?

நேசையன்: வெள்ளம் குடிச்சுட்டு... ஏறினேன்.

சுகிர்தபாய்: எந்த வெள்ளம்?

நேசையன்: காப்பி ஆறிப் போச்சுக்கா.

சுகிர்தபாய்: நேசையா.

நேசையன்: தகரம் இருந்துது.

சுகிர்தபாய்: எங்க?

நேசையன்: கதவுக்கு வெளிய. படியிலே. காலையிலே தொறந்தப்போ.

சுகிர்தபாய்: வெறுந்தகரமா?

நேசையன்: நெறஞ்சு இருந்துது. விளிம்பு வரை. ஒரு சொட்டு சிந்தல்லே.

சுகிர்தபாய்: ஓஹோ. தகரம் தானாவே குழாய்க்குப் போய், தானாவே படியேறி வந்துதோ?

நேசையன்: அக்கா, அந்த ஆட்டை வெளிய விடுங்க. உங்களைக் கும்பிடுதேன். அது... ரண்டு தட்டு தட்டி...

சுகிர்தபாய்: நிறுத்தி, ஒண்ணு தட்டுது. எனக்கும் செவி உண்டு. அண்ணைக்கு அந்தக் கதவிலே எங்கன தட்டினாரு? அதைச் சொல்லு.

நேசையன்: ரண்டு. பிறகு ஒண்ணு.

சுகிர்தபாய்: பிசகாமலா?

நேசையன்: பிசகாம. மணி மாதிரி. பிறகு பைய விளிச்சாரு. 'எலே நேசையா, தகரம் கனக்குது, தொற'ண்ணு. கொண்டியிலே கை வச்சேன்க்கா. சத்தியமா வச்சேன். கை அனங்கல்லே. பேடி. மறுபடியும் ரண்டு, ஒண்ணு. மறுபடியும்... எத்தனை தடவைண்ணு தெரியாது. அப்போ தெரு முனையிலே ஓடி வாற சத்தம் கேட்டுது. நான் வேட்டித் தலைப்பை வாயிலே திணிச்சுட்டு, அஞ்சாவது சட்டத்தை மனசுக்குள்ள படிச்சுட்டு நிண்ணேன்.

சுகிர்தபாய்: பிறகு?

நேசையன்: பிறகு தட்டு மாறிச்சு.

சுகிர்தபாய்: எங்கன?

நேசையன்: ஒத்தைத் தட்டு. ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பிறகு... கதவிலே சத்தமில்லை.

சுகிர்தபாய்: ...தொறக்காதவனுக்கு, தொறக்காதேண்ணு சொல்லிட்டுப் போனாரு.

நேசையன்: ஆமாக்கா.

சுகிர்தபாய்: அந்த வெள்ளத்தைக் குடிச்சியா?

நேசையன்: குடிச்சேன். படியிலே ரெத்தம் கிடக்க, மிச்சம் வைக்காமக் குடிச்சேன். சபைக்கு முன்ன எல்லாத்தையும் சொல்லுதேன். என் பேரை வெட்டினாலும் வெட்டட்டு. நீங்க வெள்ளை உடுக்கியது என் கையாலயாக்கும்.

சுகிர்தபாய்: வெள்ளை உடுக்கப் போறேண்ணு நான் சொன்னேனா? எந்திரி மக்கா.

நேசையன்: எங்க?

சுகிர்தபாய்: ஆடு கிடக்குத அறைக்கு. வந்து இருவது நாளாச்சு. ஆளு வந்தா மூச்சுக் காட்டாது. வெளியேருந்து கொண்டியைப் போடச் சொன்னதும் அதுதான். நான் நீக்கினா வெளிய வராது. உன்னைக் கூப்பிட்டு விடச் சொன்னதும் அதுதான். சோறு வச்சா இடக்கையாலே எடுத்து உண்ணும்.

நேசையன்: ஆட்டுக்கு... ஏதுக்கா கை?

சுகிர்தபாய்: ஒண்ணுதான் மிச்சம். வலக்கை அந்தப் படியிலே போச்சு. ஆஸ்பத்திரியிலே கிடந்து பிழைச்சு வந்துது.

நேசையன்: ...அண்ணா?

சத்தியதாஸ்: எலே நேசையா... ரண்டும் ஒண்ணும்தானே தட்டுதேன். இங்க கத்தி ஒண்ணும் இல்லை மக்கா. கொண்டி உன் பக்கமாக்கும் இருக்கு... இந்தத் தடவையாவது தொற.