மூச்சு முட்டும்போது வரும் பாஸ்

"மூச்சு முட்டினாத்தான் உங்களுக்கு என் ஞாபகமே வரும், அல்லே?"

வலியசாலை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஈரத்தலையோடு ஒரு தம்பதி. நீச்சல்குளத்தின் அடித்தரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'பக்' என்ற வட்டைத் தள்ளும் ஹாக்கி பழகுகிறார்களாம்.

"பக்கை உன் பக்கம்தானே தள்ளினேன்?"

"தம் தீர்ந்தப்புறம் பாஸ் பண்ணினேள், பாதியிலயே நின்னுடுத்து. தம் இருக்கறச்சயே மணிக்கட்டைச் சுண்டணும்னு கோச் தலைபாடா அடிச்சுக்கறார். நாளைக்கு மேட்ச்லயும் இப்படின்னா நான் எதிர் டீம்ல சேர்ந்துடுவேன்."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"தண்ணிக்கடியிலயா?"

ஸ்டாப் வந்தது. கணவர் எழுந்தார். இருவருக்கும் நடுவே இருந்த கனத்த ஈரப்பையைத் தான் தூக்காமல் மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினார். அது சீட்டில் வழுக்கிக்கொண்டு போய் அவள் இடுப்பில் இடித்து நின்றது.

"இப்ப மட்டும் தம் தீரறதுக்கு முன்னாடியே பாஸ் வந்துடுத்தே!"