தெளிய வைத்த காலைகள்

பிளேன்டீ நன்றாக இருக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டவருக்குக் கைப்பக்குவம் உண்டு. நீங்கள் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கலாம், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

நான் மயக்க மருந்து வைத்தியர். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தேன். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்குத் தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, நினைவு தெளிய வைத்துப் பார்ப்போம். தெளிந்தவர் நாங்கள் சொன்னபடி கையை அசைத்தால் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். நல்ல ஆய்வு. அதைக் குறை சொல்லாதீர்கள்.

அம்பிட்டியவிலிருந்து நியூமோனியாவோடு செல்லச்சாமியைக் கொண்டுவந்தார்கள். ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்வில் சேர்க்க அவருடைய மகள் யோசிக்கவே இல்லை. "நம்ம தோட்டத்துப் புள்ள நீங்க இருக்கீங்க, பெறகென்ன" என்றாள்.

என் சின்ன வயதில், விறகு வெட்டும்போது கத்தி நழுவி அம்மாவின் தொடை கிழிந்தது. மரத்துப்போகும் ஊசி போடாமலே தைத்தார் செல்லச்சாமி. நாலு பேர் அம்மாவை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். "தோட்டத்து ஒடம்பு, தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே தைத்தார். அந்த அலறலைக் கேட்டதிலிருந்து அவரை வெறுத்தேன். இந்தப் படிப்பைத் தேர்ந்ததே அதனால்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலையில் மயக்க மருந்தை நிறுத்திய கையோடு, தசைகளைக் கட்டிப்போடும் மருந்தை நானே ஏற்றினேன். நினைவு முழுதாக வரும், வலி முழுதாகத் தெரியும், இமையைக்கூட அசைக்க முடியாது. அவர் காதருகே குனிந்து, "தாங்கும், ஐயா" என்றேன்.

தாதி ஹபீலாதான் கவனித்தாள். "டொக்டர், இவருக்குக் கண்ணால தண்ணி வடியுது. நெஞ்சும் வேகமா அடிக்குது."

"காய்ச்சல்ல அப்படித்தான்" என்றேன். நான் சொன்னால் நம்புவாள். அசைவில்லை என்று குறித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே.

அன்று பின்னேரம் அம்மா அவரைப் பார்க்க வந்தாள். அவருடைய பாதத்தைத் தடவியபடி அழுதாள். இவருக்காக ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

"அன்னைக்குத் தோட்டத்துல ஊசி மருந்து தீந்து போச்சு தாயி. கேட்டுக் கேட்டும் தோட்டத்துத் தொரை வாங்கித் தரல. நான் பயந்துரக் கூடாதுன்னுதான் அப்புடிச் சொன்னாரு. தைக்கயில அவரு கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு."

அம்மாவைக் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.

மறுநாள் காலையும் மயக்க மருந்தை நிறுத்திவிட்டு, அதே மருந்தை ஏற்றினேன். அன்றுதான் அவருடைய இதயம் நின்றது.

அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.