ஒழுகாத இன்ஜின்

உங்கள் மேசை ஆடுகிறது சார். இடது பக்க முன்கால் ஒரு நூல் குட்டை. அட்டையை நாலாக மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். இந்த மாதிரிக் குறையைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. தொழில் புத்தி.

நான் ஸ்டேஷனுக்கு வந்தது விபத்து அறிக்கையில் ஒரு திருத்தம் சொல்ல. இரண்டாம் பக்கம், நாலாவது வரி. ‘இன்ஜினிலிருந்து எண்ணெய் கசிந்து பின்சக்கரத்தில் பட்டதால் வண்டி வழுக்கியது’ என்று எழுதியிருக்கிறது. அது தவறு. எழுதியவர் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதைத் திருத்த வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், எங்கள் பட்டறையின் முகம். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது அவர் வேலை; இன்ஜினைப் பிரித்து மாட்டுவது என் வேலை. சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, வண்டியின் வலுவைக் கூட்டுவதில்தான் எங்களுக்குப் பேர். இரண்டு வருடத்துக்கு முன் நான் கட்டிய முதல் பெரிய இன்ஜின் தங்கை வீட்டுப் புதுத் தரையில் எண்ணெய் சொட்டியது. வெள்ளைத் தரை, உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மாப்பிள்ளை அன்றைக்கு எனக்குச் ‘சொட்டு மச்சான்’ என்று பேர் வைத்தார். வாய்க்கொழுப்புதானே தவிர, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. “சொட்டு அண்ணன் இருக்காரா?” என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கேட்டுக்கொண்டு வருவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு “நான்தாங்க” என்பேன். அதற்கப்புறம் நாற்பது இன்ஜின் கட்டினேன், ஒன்றுகூட ஒழுகவில்லை. பேர் மட்டும் போகவில்லை. எனக்கு வலித்தது சார், மறைப்பானேன்.

இந்த வருடம் மாப்பிள்ளை தன் சொந்த வண்டியையே என்னிடம் விட்டார்.

“இருக்கறதுலயே பெரிய பிஸ்டனா போடுங்க மச்சான். ஆனா ஒரு சொட்டு கீழ விழக்கூடாது, ஆமா.”

பட்டறையே சிரித்தது.

பிஸ்டன் பெரிதானால் இன்ஜினின் வயிற்றில் காற்றழுத்தம் கூடும். அது பலவீனமான இடம் பார்த்து எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதலில், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் ஓரத்தில் எண்ணெயைத் தடுக்கிற ஆயில் சீல் வழியாக வந்தது. பழைய சீல் உரசி உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருந்தது. புது சீலை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார வைத்தேன், நின்றது. காற்று வெளியேறும் குழாயைப் பெரிதாக்கினேன். அதெல்லாம் நல்ல வேலை, யாரை வேண்டுமானாலும் விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இன்ஜினின் இரண்டு பாதியும் சேருகிற அடிமூட்டில் ஈரம் காணாமல் போகவில்லை. மூன்று தடவை பிரித்து மாட்டினேன். மூன்றாவது தடவை மாப்பிள்ளை காலி டப்பா ஒன்றை எடுத்துவந்து வண்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

நாலாவது தடவை மூட்டில் பூசும் பேஸ்டை இரண்டு மடங்கு பூசினேன். மெல்லிசாகப் பூச வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. போல்ட்டை இறுக்கும்போது மிஞ்சின பேஸ்ட் வெளியே பிதுங்கும், துணியால் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அங்கே துடைக்கக் கை போகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டி நிறுத்தினோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து அடியில் விரித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் விரிப்பு துவைத்து வைத்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை என் கையைத் தூக்கிப் பிடித்து, “இனிமே எவனாவது இவரைச் சொட்டுன்னு கூப்பிட்டா, என்கிட்ட வாங்கிக் கட்டிக்குவான்” என்றார். தங்கை அழுதே விட்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் இன்ஜினை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போல டக், டக் என்று ஒரு சத்தம். எண்ணெயை வடித்துப் பார்த்தேன். வடிகட்டியில் பேஸ்ட் இழைகள். எண்ணெயில் ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுப்பு. அது தண்டைத் தாங்குகிற பேரிங்கிலிருந்து உரிந்து வந்தது. பேரிங்குக்கு எண்ணெய் போகிற துளை தீக்குச்சிப் பருமன்தான். ஓர் இழை போய் அடைத்தால் போதும். எண்ணெய் கிடைக்காத பேரிங் சூடேறித் தண்டைக் கவ்விக்கொள்ளும். வண்டி வேகத்தில் இருக்கும்போது கவ்வினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் அந்தச் சனிக்கிழமையே எனக்குத் தெரியும். அப்போது மணி ஒன்றே முக்கால்.

மறுநாள் காலை அந்த வண்டியில் இரண்டு பேரும் வெளியூர் கிளம்புவதாக இருந்தார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். தங்கை வாசலில் நின்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் விரிப்பை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“பாருங்கக்கா, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா? எங்க அண்ணன் வேலைன்னா சும்மாவா?”

இன்ஜினைப் பிரித்தால் இரண்டு நாள் ஆகும். ஏன் பிரிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும். நான் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

பட்டறையில் இருந்ததிலேயே கெட்டியான எண்ணெயை ஊற்றினேன். கெட்டி எண்ணெய் சத்தத்தை அமுக்கிவிடும். இப்போதைக்குத் தாங்கும், திரும்பி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் ஞாபகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட் பட்டை இரண்டு விரல் தளர்வாக இருந்தது. நான்தான் இறுக்கிவிட்டேன். கெடுதல் நினைக்கிறவன் அதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

“எல்லாம் சரியா இருக்குல்ல அண்ணா?”

“ஒரு சொட்டு ஒழுகாது, போயிட்டு வாம்மா.”

நான் பொய் சொல்லவில்லை.

பதினெட்டாவது கிலோமீட்டரில், இறக்கத்தில், சக்கரம் பூட்டிக்கொண்டது. அரை மணியில் நான் அங்கே போய்விட்டேன். நான் தங்கையிடம் போகாமல் முதலில் வண்டியிடம் போனதாக உங்கள் காவலர் எழுதியிருக்கிறார். உண்மைதான். அவள் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். சாலையில் எண்ணெய் கிடந்தது, தொட்டு முகர்ந்தேன். சிவப்பாக, தண்ணீர் மாதிரி இருந்தது. அது முன்பக்க ஷாக் அப்சார்பர் உடைந்து கொட்டினது. அப்புறம் இன்ஜினின் அடிமூட்டில் கையை விட்டுத் தடவினேன். கை காய்ந்தே வந்தது. அதற்குப் பிறகுதான் அவளிடம் போனேன். அதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குக் கால் போனதோடு சரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் வேகமாப் போயிட்டேன் மச்சான், நானே அவளைக் கொன்னுட்டேன்” என்று ஒன்பது நாள் அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும். மனசு ஒடிந்து கிடக்கிறவரிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

நேற்று அறிக்கையின் நகல் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். நாலாவது வரி வந்ததும் அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தோளைத் தட்டிக்கொடுத்து, “விடுங்க மச்சான். ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது. யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை சார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். சத்தத்தைக் கேட்டேன், கெட்டி எண்ணெய் ஊற்றி மறைத்தேன், தெரிந்தே என் தங்கையை அதில் ஏற்றி அனுப்பினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த நாலாவது வரியை மட்டும் என் கண்ணெதிரே அடித்துவிடுங்கள். அந்த இன்ஜின் ஒழுகவில்லை.