கொம்பேறி மூக்கனுக்கு ஒரு புகை

– முடியாதுன்னா முடியாது அம்மிணி. உசுரோட இருக்கறவனுக்கு இந்தச் சுடுகாட்டுல தீ மூட்ட மணியனுக்குக் கை வராது.

– ஆளுக்கில்லீங்ணா. வைக்கோல்ல ஒரு பொம்மையாட்டக் கட்டி, எங்க ஊட்டுக்காரரு வேட்டியச் சுத்திக் கொண்டாந்திருக்கறேன். மொபட்டுப் பின்னால கெடக்குது பாருங்க. அதையக் கொளுத்துனாப் போதும்.

– இதைய யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?

– எங்க மாமியாதானுங்க. அவிய பொறந்த ஊரு எடப்பாடிப் பக்கம். கொம்பேறி மூக்கன் கடிச்சு ஆளு பொழைச்சுட்டா, அங்கெல்லாம் இப்புடித்தான் செய்வாங்களாமா. பொகையப் பாத்ததும், ஆளு எரிஞ்சுட்டான்னு நெனச்சுக்கிட்டு பாம்பு மரத்தை உட்டு எறங்கிப் போயிருமாமா.

– பொம்பளைங்க கால் வெக்காத எடத்துக்குத் தனியா வண்டியோட்டிக்கிட்டு வந்திருக்கற. அதுக்கே உங்க சனம் என்னைய உரிச்சுப் போடுவாங்க. சரி, உன்ற ஊட்டுக்காரன் குழந்தைவேலு இப்ப எப்புடி இருக்கறான்?

– எட்டு நாளாச்சுங்ணா. ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்கறதில்ல. வெள்ளென மொட்டமாடி ஏறுனாருன்னா, இந்தச் சுடுகாட்டு ஊஞ்சமரத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. “கலைமணி, அது உச்சியில உக்காந்திருக்குது, என்ற பொகையப் பாக்காம எறங்காது”ங்கறாரு.

– ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனியே, என்ன சொன்னாங்க?

– ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. ஒரு நா முச்சூடும் படுக்க வெச்சிருந்தாங்க. “வெசமே ஏறலீங்க, ஊட்டுக்குப் போங்க”ன்னுட்டாங்க.

– அப்பறமென்ன?

– டாக்டரு சொன்னது அவரு காதுல ஏறுனாத்தானுங்களே.

– கேட்டுக்கோ அம்மிணி. முப்பது வருசமா இங்க பொணம் எரிக்கறேன். பாம்பு கடிச்சு வந்தது மட்டும் ஒரு பதினஞ்சு இருக்கும். ஒருக்காவாச்சும் இந்த மரத்துல பாம்பு உக்காந்து வேடிக்கை பாத்து நான் கண்டதில்ல. ஓணான் இருக்கும். காக்கா இருக்கும். ஒருக்கா எவனோ வீசுன பழைய செருப்பு ஒண்ணு ஆறு மாசம் தொங்குச்சு. அவ்வளவுதான்.

– அப்ப கொம்பேறி மூக்கனே இல்லீங்களா?

– பாம்பு இருக்குது. ஒல்லியா, வெங்கலக் கலர்ல, கெளைக்குக் கெளை தாவும். பல்லியும் தவளையும் புடிச்சுத் திங்கற சீவன், வெசமே கெடையாது. கடிபட்டவன் எரியறானான்னு பாக்க வர்றதெல்லாம் நாம கட்டி உட்டது. அதுக்கு வேற பொழப்பில்லையா?

– பொறவு ஏனுங்ணா ஊரே நம்புது?

– அதைய நானும் ரொம்ப நாளு யோசிச்சிருக்கறேன். செல்லமுத்து பொஞ்சாதி ஆத்தாயி செத்தப்ப நீ கல்யாணமாயி வந்துட்டியா?

– வந்துட்டனுங்க. கட்டுவிரியன் கடிச்சுதானுங்களே?

– ஆமா. ராத்திரி உடற கரண்டுக்குத் தண்ணி கட்டப் போன எடத்துல. இங்க கொண்டாந்தாங்க. செல்லமுத்து சிதையத் திரும்பிக்கூடப் பாக்கல. கடிச்சது கொம்பேறி மூக்கன்தான்னு கல்லப் பொறுக்கிப் பொறுக்கி இந்த மரத்து மேல எறிஞ்சாரு. “எறங்கி வாடி, எறங்கி வாடி”ன்னு பொழுது உழுவற வரைக்கும் எறிஞ்சாரு. நான் தடுக்கல. டார்ச்சு லைட்டுகூட இல்லாம அந்தப் புள்ளையத் தனியாக் காட்டுக்கு அனுப்புனது அவருதான். அதைய நெனச்சுக்கிட்டு மனுசன் எப்புடி ஊடு போயிச் சேருவாரு, சொல்லு? கல்லெறியறதுக்கு ஒரு மரம் வேணுமில்ல?

– வேணுமுங்ணா.

– அதனால நம்பறவங்களை நான் வையறதில்ல. சும்மா செத்துப் போனாங்கறதை மனசு ஏத்துக்காது. மேல உக்காந்து எதோ ஒண்ணு பாத்துக்கிட்டிருக்குதுன்னா, கோவப்படவாச்சும் ஒரு ஆளு கெடைக்குது. ஆனா பொய்யாத் தீ வெக்கறது வேற சங்கதி. நாளைக்கே குழந்தைவேலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, “மணியன் வெச்ச தீ”ன்னுதான் ஊரு பேசும்.

– அவருக்கு ஒண்ணும் ஆவாதுங்க. ஒடம்புல வெசமில்ல.

– நீ பாம்பைக் கண்ணுல பாத்தியா? நல்ல பாம்போ, விரியனோ, டாக்டருக்கே தப்பிப் போயிருந்தா? எப்புடி இத்தனை தெம்பாச் சொல்ற?

– தெரியுமுங்க.

– அதான் எப்புடின்னு கேக்கறேன். அட, என்ன அம்மிணி இது, எதுக்கு இப்புடி அழுவற?

– எந்தப் பாம்பும் கடிக்கலீங்ணா. மத்தியானம் கட்டில்ல தூங்கிக்கிட்டிருந்தாரு. மூட்டை தைக்கற கோணூசியில நாந்தான் கணுக்கால்ல ரெண்டு குத்துக் குத்துனேன். “பாம்பு, பாம்பு”ன்னு கத்துனதும் நாந்தான். ஒல்லியா, ஜன்னல் ஏறி ஓடுச்சுன்னு ஊருக்குச் சொன்னதும் நாந்தான்.

– அடிப்பாவி! பைத்தியமா உனக்கு?

– ரிக் வண்டிங்ணா. போர்வெல் போட இவரையுங் கூட்டிக்கிட்டு சத்தீஸ்கருக்குப் போவுது, போனா பத்து மாசம். போன நடை இவருகூடப் போன கதிரை மறந்துட்டீங்களா? ராடு நழுவி, இவரு கண்ணு முன்னாலதான் அவரு மேல உழுந்துச்சு. பெட்டியில வந்தாரு. நீங்கதான் எரிச்சீங்க.

– மறப்பனா? அந்தப் பெட்டியத் தொறக்க வேண்டாம்னு சொன்னவனே நாந்தான்.

– அதுக்கப்பறமும் இவரு பையை எடுத்து வெக்கறாரு. அழுது பாத்தேன், சண்டை கட்டிப் பாத்தேன். “பயமா இருக்குதுங்களா, சொல்லுங்க”ன்னு கேட்டா, “ஆம்பளைக்கென்னடி பயம்”னு எரிஞ்சு உழுவறாரு. வண்டிக்கார ஓனரு எங்களுக்கு ஒறம்பறை வேற, சொந்தத்துக்குள்ள வரலைன்னு சொல்ல முடியல. பாம்பு கடிச்ச ஆளை ஏத்த மாட்டாங்க, அதுக்குள்ள வண்டி போயிருமுன்னு நெனச்சேன். வண்டி திருச்செங்கோட்டுப் பட்டறையில நின்னுபோச்சு. நாளைக்குத்தான் கெளம்புது.

– அப்ப யோசிச்சுத்தான் பேசறியா? இந்தப் பொகையப் பாத்தா அவன் தெம்பாயிருவான். தெம்பானா நாளைக்கு வண்டி ஏறிருவான்.

– தெரியுதுங்க. வண்டியில போனாலாச்சும் திரும்பி வர வழியிருக்குது. இப்புடியே காஞ்சு கருவாடாப் போனா, நான் கொன்ன மாதிரி ஆயிருமுங்களே.

– நேராப் போயி உண்மையச் சொல்லிரு.

– சொன்னாப் பொழைச்சுக்குவாரு. பொறவு என்ற கையில ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிப்பாருங்களா?

– கெரகம் புடிச்ச பொழப்பு. சரி, கொண்டா அந்தப் பொம்மைய. எரிக்கற மேடையில வேண்டாம், இந்த ஓரத்துல வெக்கறேன். நீ அக்கட்டத் தள்ளி நில்லு.

– கொஞ்சம் பச்சை வேப்பந்தழையும் போடுங்ணா. பொகை நல்லா மேல போவோணும்.

– எனக்கே சொல்லித் தர்றியா? பாரு, புடிச்சிருச்சு. போனைப் போடு அவனுக்கு. பாம்பு எறங்கிப் போச்சுன்னு நானே சொல்றேன்.

– ஸ்பீக்கர்ல போட்டுட்டனுங்க. ஏனுங், மாடியிலதான இருக்கறீங்க? சுடுகாட்டுப் பக்கம் பொகை தெரியுதுங்களா?

– தெரியுது கலை. அங்க நீ என்ன பண்ற?

– குழந்தைவேலு, நான் மணியன் பேசறேன். இப்பத்தான் சாமி, என்ற கண்ணால பாத்தேன். உச்சியில இருந்து சரசரன்னு எறங்கி வாய்க்காப் பக்கம் போயிருச்சு. உன்னையப் புடிச்சது உட்டுச்சு. போயி வயிறு நெறையச் சோறு உண்ணு.

– அண்ணா, எறங்கலைன்னு சொல்லுங்க.

– என்ன சாமி சொல்ற?

– மொதல்ல அந்தத் தீய அணைச்சுருங்க. ஓனரு வந்து கேட்டா, பாம்பு இன்னம் மரத்துலதான் இருக்குதுன்னு சொல்லிருங்க.

– ஏனுங், என்னங்க பேசறீங்க? உங்களுக்காகத்தானுங்களே இத்தனையும்.

– நீ ஊசியெடுத்துக்கிட்டு வந்தப்பவே நான் முழிச்சுக்கிட்டுத்தான் கலை படுத்திருந்தேன். கதிரு மூஞ்சி கண்ணுலயே நிக்குது, அந்த வண்டி ஏற எனக்கும் பயமா இருக்குது.